பட்டம்மாளுக்குப் பாக்கெட் உப்பு

யாரும் எனக்குப் போன் செய்து செய்தி சொல்லவில்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் போனை எடுத்துப் பார்த்தபோது, பழைய மாணவி ஒருத்தியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பெண்மணி தாமரைப் பூவின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். மாவு பூசினாற்போல் வெளுத்த முகம். கீழே தங்க நிறத்தில், "உப்பளத்தின் அன்னை சித்தியடைந்தார்." யாரோ ஒரு சாமியாரம்மா என்று தள்ளிவிட்டேன். அடுத்தவர் ஸ்டேட்டஸிலும் அதே படம். அப்போதுதான் அந்த மூக்குத்தியைக் கவனித்தேன். கல் விழுந்து பல வருஷமாகியும் மாற்றாமல் வெறும் வளையத்தோடு போட்டுக்கொண்டிருந்த மூக்குத்தி. அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருந்தது. பட்டம்மாள் அக்கா. கத்தரிக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு மரக்காணம் பஸ் பிடிக்க நடந்தேன்.

பஸ்ஸில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெயில் குடித்துக் குடித்துக் கறுத்த முகம் அக்காவுடையது. உப்பளத்தில் மேலேயிருந்தும் வெயில் அடிக்கும், கீழே வெள்ளையாகக் கிடக்கிற உப்பிலிருந்தும் அடிக்கும். அதில் இரண்டு பக்கமும் வெந்த நிறம் அது. அதை வெளுக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? உயிரோடு இருந்தால் அந்தப் போனைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்திருப்பார். ஆறிய பிறகு எழுதுங்களேன் டீச்சர் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. அவரை அறிந்தவர்கள் நீங்கள். நான் எழுதுவதில் பொய் இருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன்.

மரக்காணம் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டின் பின்கட்டில்தான் குடியிருந்தேன். வயதில் எனக்குச் சற்றே மூத்தவர். கணவர் இறந்த பிறகு அவர் பெயரிலிருந்த உப்பளக் குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றி, ஆட்களோடு ஆளாகப் பாத்தியில் இறங்கியவர். சாயங்காலம் திரும்பி வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கண் மூடியிருக்கும், உதடு அசையாது, கையில் மணி கிணி எதுவும் கிடையாது. நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் இது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"என்னக்கா பண்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. காலையிலேர்ந்து நான், நான்னு ஒண்ணு கத்திட்டே இருந்துச்சே, அது யாருன்னு பாத்துட்டு இருக்கேன்."

"தெரிஞ்சுதா?"

"தேடினா காணோம். இல்லாத ஆளுக்குத்தான் இவ்ளோ சண்ட போட்டிருக்கோம் பாரு."

அவர் அதற்குத் தியானம் என்று ஒருபோதும் பெயர் வைக்கவில்லை. மாமனார் வைத்துவிட்டுப் போன வேதாந்தப் புத்தகங்கள் சில வீட்டில் இருந்தன. எழுத்துக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பார். ஒரு வரி பிடித்துவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார். மறுநாள் உப்பளத்தில் அந்த வரியை வைத்து ஆட்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய ஆன்மிகம் அப்படித்தான் இருந்தது, சண்டையும் சத்தமுமாக.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அவரை "மொதலாளிம்மா" என்று கூப்பிட்டாள். நான் அன்று அங்கே இருந்தேன். அக்கா வாரிக்கொண்டிருந்த பலகையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"இந்த மண்ணு யாரோடது? சர்க்காரோடது. குத்தகைக்கு வெச்சிருக்கோம். தண்ணி கடலோடது. வெயில் யாரோடது, சொல்லு பாக்கலாம். நடுவுல நான் எதுக்கும்மா மொதலாளி?"

அந்தப் பெண் பயந்துபோய், "அப்ப எப்படிங்க கூப்புடறது?" என்றாள்.

"பட்டம்மான்னு கூப்புடு. அதுவும் எங்கப்பா வெச்சதுதான். என்னோடது இல்ல. இருந்தாலும் கூப்ட்டா திரும்பிப் பாப்பேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் பருவத்தில் முதல் முதலாக வாரிய உப்பில் ஒரு கூடையைத் தலையில் சுமந்து போய், பாத்திக்குத் தண்ணீர் வருகிற கழிவெளி உப்பங்கழியிலேயே கொட்டிவிட்டு வருவார். மற்ற அளத்துக்காரர்கள் தேங்காய் உடைப்பார்கள், பொங்கல் வைப்பார்கள், முதல் உப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் லட்சுமி என்று சாமி அறையில் வைப்பார்கள். இவர் மட்டும் வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்தார். மேஸ்திரி ஏழுமலைக்கு அது பொறுக்காது. "கூடை உப்பை வாரிக் குடுக்கறதுக்கா இவ்ளோ வெயில்ல வெந்தோம்" என்று முனகுவார். "நம்மளுது இல்லன்னு வாயால சொன்னா பத்தாது ஏழுமலை, கை ஒரு வாட்டி விட்டுப் பாக்கணும்" என்பார் அக்கா.

பற்றற்றவர் என்றால் கல் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தவள் நான். ஒரு கோடையில் அந்த நினைப்பும் போனது. எதிர்பாராத மழை. அளம் முழுக்க உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடந்த நேரம். தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பள்ளி விட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அக்கா வரப்பில் சேற்றில் உட்கார்ந்து, எழவு வீட்டில் அழுவதுபோல் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மழையைத் திட்டினார். வருண பகவானை நான் இங்கே எழுத முடியாத வார்த்தையில் திட்டினார். கண்ணெதிரே அம்பாரங்கள் கரைந்து பள்ளமாயின. இவ்வளவுதானா இவருடைய வேதாந்தம் என்று எனக்குள் ஒரு இளக்காரம்கூட வந்தது.

மறுநாள் விடிந்ததும் பாத்தியில் இறங்கிவிட்டார். உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் பாத்தியின் தரை இளகிவிடும். சேற்றை வழித்து, காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் மறுபடி உப்புத் தண்ணீரை விட முடியும். பெண்களோடு வரிசையில் நின்று மிதித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. முந்தின நாள் அழுதவர் இவர்தானா என்று இருந்தது. கேட்டே விட்டேன்.

"பற்று இல்லன்னா அழக்கூடாதுன்னு எவன் சொன்னான்? அழுதுட்டு விட்டுடணும். இங்க பாதிப் பேரு அழாமலே கெட்டியாப் புடிச்சிட்டு இருக்கான்" என்றார். பிறகு, "செருப்பக் கழட்டிட்டு எறங்கும்மா, ஆள் பத்தல" என்றார். இறங்கினேன். சனிக்கிழமை பூராவும் மிதித்தேன்.

அவர் மகன் குமரவேல் சென்னையில் மனை வாங்கி விற்கும் தொழில் செய்கிறான். அவன் அங்கே வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது அக்காவோடு நானும் போனேன். பூஜை அறை மட்டும் எங்கள் பள்ளியின் ஒரு வகுப்பறை அளவுக்கு இருந்தது. தரையிலும் சுவரிலும் வெளிநாட்டுப் பளிங்கு. உள்ளே காலை வைத்தால் விளக்கு தானாக எரிகிறது. பட்டனை அமுக்கினால் மணி தானாக அடிக்கிறது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி இரவு பகலாக மந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க யாருப்பா உக்காருவா?"

"ஆபீஸ் போறப்ப ரெண்டு நிமிஷம் நின்னு கும்புட்டுட்டுப் போவேம்மா."

"சாமிக்கு இவ்ளோ எடம் குடுத்துட்டே. நேரம் குடுக்கலையே" என்றார். குனிந்து அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். "கேக்க ஆளில்லாம இது பாட்டுக்குக் கத்திட்டு இருக்குது, பாவம்."

குமரவேலின் முகம் செத்துப்போய்விட்டது.  திரும்பி வரும்போது, கல்பாக்கம் தாண்டிய பிறகு அக்கா சொன்னார்: "எல்லாம் வாங்கிட்டான். இன்னும் அவனுக்குப் பசிக்குது. எதத் தின்னா அடங்கும்னு அவனுக்கும் தெரியல, அத ஊட்டிவிட எனக்கும் தெரியல." அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பெற்றவள் வயிறு அது. மகனைப் பற்றிய இந்தக் கவலையைத்தான் அவரால் கடைசி வரை கழிவெளியில் கொட்ட முடியவில்லை என்று நினைக்கிறேன்.

இனி அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. அனுமந்தைக்குப் போகும் வழியில், கடற்கரைச் சாலையை ஒட்டி அக்காவுக்கு ஒரு மணல் கொல்லை இருந்தது. பட்டா நிலம். அவர் உயிரோடு இருந்த வரை அதற்கு வேலி கிடையாது. அனுமந்தை மீனவப் பெண்கள் அதில் நெத்திலி, காரப்பொடி மீன்களைப் பரப்பிக் கருவாடு காயவைப்பார்கள். கரையில் ரிசார்ட்டுகள் வந்து ஒவ்வொரு இடமாகக் கம்பி வேலிக்குள் போன பிறகு அவர்களுக்கு மிஞ்சிய இடம் அது ஒன்றுதான். தரகர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "சும்மா கெடக்கற எடம்தானேம்மா" என்று ஒருவன் சொன்னதற்கு, "சும்மாவா கெடக்குது? கார் கண்ணாடிய எறக்கிட்டு மூச்சு இழுத்துப் பாரு" என்று அக்கா அனுப்பிவைத்ததை ஊரே சொல்லிச் சிரித்தது.

கணவர் இறந்த பிறகு அக்கா மீன் தொடுவதில்லை. கருவாட்டு வாடை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "பின்ன எதுக்குக்கா விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"நாத்தம் என் மூக்குல இருக்குது. அதுல அவங்க சோறு இருக்குது. எது பெருசு?" என்றார்.

சர்க்கரை நோயில் கால் புண்ணாகிப் படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில், மகள் மல்லிகா கடலூரிலிருந்து வந்து கூடவே இருந்தாள். பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அக்கா தன் முடிவைச் சொன்னார். குமரவேல் இருந்தான், நான் இருந்தேன், ஏழுமலை இருந்தார். தன்னை ஊர்ச் சுடுகாட்டில், கணவரை எரித்த இடத்தில் எரித்துவிட வேண்டும். சாம்பலைக் கழிவெளியில் கரைத்துவிட வேண்டும். கல்லு, போட்டோ, மாலை ஒன்றும் கூடாது. அந்தக் கொல்லை இருக்கிறபடியே இருக்கட்டும். "என்னய எங்கயும் நிறுத்தி வெக்காதீங்க. நான் போறேன். போக வுடுங்க" என்றார். குமரவேல் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

செய்தி தெரிந்த அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்காவின் உடல் வீட்டில் இல்லை. கொல்லையில் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ். பந்தல், ஏசி ஓடுகிற கண்ணாடிப் பெட்டி, சுற்றிலும் கலர் பல்புகள். நான் முன்னே பின்னே பார்த்திராத ஒரு பட்டுக் காவிச் சாமியார், குமரவேலின் தொழில் கூட்டாளி அழைத்து வந்தவராம், மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னை சாகவில்லையாம், சமாதி நிலையில் இருக்கிறாராம். எரிக்கக் கூடாதாம். உட்கார்ந்த நிலையில் இங்கேயே வைக்க வேண்டுமாம். தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று வண்டு மாதிரி சுற்றியது. கொல்லையின் நடுவில் குழி தோண்டியாகிவிட்டது. கருவாட்டுப் பாய்களைச் சுருட்டி வேலியோரம் எறிந்திருந்தார்கள். ஆமாம், வேலியும் அதற்குள் வந்திருந்தது.

மல்லிகா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். "எரிக்கணும்னு அம்மா சொன்னத நான் சொல்லிப் பாத்தேன் டீச்சர். பொம்பள புள்ள, உனக்கு இதுல பேச்சு கெடையாதுங்கறாங்க" என்றாள். மாதக்கணக்கில் மலம் மூத்திரம் எடுத்தவளுக்குப் பேச்சு கிடையாதாம். எங்கிருந்தோ வந்த காவித் துணிக்கு மைக் உண்டாம்.

சமாதி வைக்கும்போது விபூதி, கற்பூரம், உப்பு போட்டுக் குழியை நிரப்புவது வழக்கம். ஏழுமலையும் உப்பளத்துப் பெண்களும் அதைக் கேள்விப்பட்டு, அன்று காலையில் வாரிய உப்பைக் கூடை கூடையாகச் சுமந்து வந்திருந்தார்கள். மனசுக்குப் பிடிக்காத காரியம்தான், ஆனாலும் அக்காவின் மேல் விழுவது அவருடைய பாத்தி உப்பாகவாவது இருக்கட்டும் என்று. வீடியோ எடுப்பவன் கையைக் காட்டி நிறுத்தினான். "இது கலர் மட்டா இருக்குதுங்க. மண்ணு மாதிரி தெரியும். வெள்ளையா இருந்தாத்தான் லுக்கா இருக்கும்." குமரவேல் யோசிக்கவே இல்லை. சாலையோரக் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகள் வந்தன. தூள் உப்பு. அயோடின் கலந்த, எங்கோ ஆலையில் அரைத்த பாக்கெட் உப்பு. ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்டினார்கள். மரக்காணத்தில், வாழ்நாள் முழுக்க உப்பு விளைவித்த ஒரு மனுஷிக்கு, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புக் குவிந்து கிடக்க, கடையிலிருந்து உப்பு வாங்கிப் போட்டார்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பைத்தியக்காரத்தனம் தோன்றியிருக்காது. காலிப் பாக்கெட்டுகள் காற்றில் பறந்து பூமாலைகளில் ஒட்டிக்கொண்டன.

கூடையோடு நின்ற பெண்களின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்து, "டீச்சருக்கு துக்கம், தண்ணி குடுங்க" என்று அப்புறப்படுத்தினார்கள். துக்கமாம். ஊரே நின்று பார்த்தது. அக்கா சொன்னது என்னவென்று தெரிந்தவர்கள் பாதிப் பேர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவர் காதர் பாய் ஒருவர்தான். அக்காவிடம் பல வருஷமாக உப்பு வாங்கி லாரி ஏற்றியவர். குமரவேலின் எதிரில் போய் நின்று சொன்னார்:

"தம்பி, எங்கள்ல மவுத்தானா வெள்ளத் துணிதான். பெரிய பணக்காரனா இருந்தாலும் அவ்ளோதான். உங்கம்மாவும் அதத்தான் கேட்டுச்சு. நீங்க இன்னாத்துக்கு அத கடையில வெச்ச பொம்ம மாதிரி வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது பாய்" என்றான் குமரவேல்.

காதர் பாய்க்குப் புரிந்ததுதான் அங்கே யாருக்கும் புரியவில்லை. இந்து தர்மம், இந்து தர்மம் என்று மைக்கில் தொண்டை கிழிந்தது. உடம்பு நீ அல்ல என்று அந்தத் தர்மம் ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த உடம்பைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டார்கள். எனது என்பதை விடு என்று சொல்கிறது. அதைக் கேட்டு நடந்த ஒரே மனுஷியை வைத்தே ஒரு கொல்லையை எனது என்று வளைத்தார்கள். சாமியை நம்பாத எனக்கே இவ்வளவு எரிகிறதென்றால், நம்புகிறவர்களுக்கு ஏன் எரியவில்லை?

சில நாள் கழித்துக் குமரவேல் என்னைக் கூப்பிட்டான். நினைவு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை வேண்டுமாம்.

"அம்மா செஞ்ச அற்புதம் ஏதாச்சும் இருந்தா எழுதுங்க டீச்சர். பக்கத்துல லேஅவுட் போடறோம். அன்னை நகர்னு. வர்றவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல."

"பொங்கலன்னிக்கு அம்மா என்ன சொன்னாங்க குமரவேல்?" என்றேன்.

 போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எதக் குடுத்தாலும் வேணாம்னுட்டாங்க டீச்சர். ஏசி வாங்கிக் குடுத்தேன், திருப்பி அனுப்பிட்டாங்க. கார் அனுப்பினா பஸ்ல போவாங்க. பெத்த புள்ள கையால ஒண்ணும் வாங்கல. இப்பவாச்சும் நான் செய்யறத வேணாம்னு சொல்லாம இருக்காங்கல்ல."

அவன் அழுதது பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் அதிகமாக எரிச்சல்படுத்தியது. அவன் கெட்டவனாக மட்டும் இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன். வாங்கிக் கொடுப்பதைத் தவிர அன்புக்கு வேறு வழி தெரியாத ஒரு மனுஷனாக இந்தக் காலம் அவனை ஆக்கி வைத்திருக்கிறது. கிணற்றடியில் இன்னொரு நாற்காலி போட்டு அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். அக்கா கேட்டது அதைத்தான். அதற்குக் காசு ஆகாது என்பதாலேயே அது அவன் கண்ணில் படவில்லை. மறுக்க முடியாத பிணமாக ஆன பிறகுதான் அவனால் அவருக்குக் கொடுக்க முடிந்தது. அற்புதம் வேண்டுமென்றால் இதோ எழுதியிருக்கிறேன், குமரவேல். ஒரு கூடை உப்பைக் கழிவெளியில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே வரப்பில் நடந்து வருவார் உன் அம்மா. அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடிந்தால் உன் மலரில் போட்டுக்கொள்.

கருமாதியன்று மல்லிகாவிடம் பத்திரத்தை நீட்டினார்கள். கொல்லையில் அவளுக்கும் பங்கு உண்டு. அவள் கையெழுத்து இல்லாமல் லேஅவுட் போட முடியாது. வந்திருந்தவர்கள் எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். மல்லிகா எழுந்து, அவ்வளவு பேர் முன்னால், "எங்கம்மாவத்தான் எடுத்துக்கிட்டீங்க. அந்தப் பொம்பளைங்க எடத்தயும் எடுக்க வுட மாட்டேன். கேஸ் போடறதுன்னா போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறிவிட்டாள். சுடுகாட்டு விஷயத்தில் பேச்சு கிடையாது என்றார்களே, பட்டா விஷயத்தில் அவள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை வந்துவிட்டது. தினமும் போன் செய்கிறார்களாம். அவள் எடுப்பதில்லை.

போன வாரம் கொல்லைக்குப் போனேன். சமாதியைச் சுற்றிப் பளபளவென்று கிரானைட் மேடை. செருப்புக்கு ஒரு பலகை, அசைவம் உண்டு வருவோருக்குத் தடை என்று இன்னொரு பலகை, கம்பத்தில் கேமரா. வேலியின் ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது. மேடை முழுக்க நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் முதல் ஓரம் வரை, வெள்ளி மாதிரி. அனுமந்தை மீனவப் பெண் செல்வியும் இன்னும் சில பெண்களும் நடுவில் உட்கார்ந்து பெரியதையும் சிறியதையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கையிலிருந்த போனில் குமரவேலின் குரல் கேட்டது. சென்னையிலிருந்து கேமராவில் பார்த்துவிட்டான்.

"அத மொதல்ல எடுக்கச் சொல்லுய்யா. எங்கம்மா மேலயே மீனக் கொட்டி வெச்சிருக்காங்க."

செல்வி போனை வாங்கினாள். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, உங்கம்மா இருக்கறப்ப இங்கதான் காயவெச்சோம். ஒரு நாளும் எடுன்னு சொன்னதில்ல. மூக்கப் பொத்திக்கும், போயிடும். மணல்ல போட்டா மீன்ல மண்ணு ஒட்டுது. நீ கல்லு போட்டுக் குடுத்திருக்கே, நல்லா காயுது. நல்லா இருப்பே" என்றாள். போனைக் காவல்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் குரல் கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அடங்கிவிட்டது.

இது எத்தனை நாளைக்கு என்று தெரியாது. போலீஸ் வரலாம். கோர்ட்டுக்குப் போகலாம். மல்லிகா களைத்துப்போகலாம். அக்காவைத் தோண்டி எடுத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது, அந்தத் தோல்வி தோல்விதான். அவர் என்னிடம் விட்டுச் சென்றது என்ன என்று என்னைக் கேட்டால், இந்தக் கோபம் என்றுதான் சொல்வேன். தனக்காக வந்த கோபத்தை அன்றைக்கே விட்டுவிடுகிறவர், அடுத்தவர் சோற்றுக்காக வந்ததை ஒருநாளும் விட்டதில்லை. எனக்கு ஆன்மிகம் என்றால் இவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

மேடையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கண் கலங்குவதை மறைக்க வேறு பக்கம் திரும்பினேன். செல்வி பார்த்துவிட்டாள். ஒரு நீளக் குச்சியை எடுத்து என் மடியில் போட்டாள்.

"அழுதுட்டே இருந்தீங்கன்னா காக்கா தின்னுட்டுப் போயிடும் டீச்சர். ஓட்டுங்க."

ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.